நூறு ஆடுகள் செய்தோம். நூறில் எத்தனை பத்து என்று கேட்டால் விழிக்கிறார்கள்

பஞ்சுமேகம்

வணக்கம். கத்தோலிக்கப் பள்ளி ஒன்றில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். ஆறு ஆண்டுகள் நான்காம் வகுப்பில் இருந்துவிட்டு இந்த ஆண்டுதான் சின்னப் பிள்ளைகளிடம் வந்திருக்கிறேன். வகுப்பில் 34 பேர்.

செய்து கற்பது, கையால் தொட்டுக் கற்பது என்று பயிற்சிகளில் கேட்டுக் கேட்டு எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஒரே பொருளை எடுத்துக்கொண்டு மறைக்கல்வி (கிறிஸ்தவ சமயப் பாடம்), கணக்கு, மொழி, அறிவியல் எல்லாவற்றையும் ஒரு வாரம் அதைச் சுற்றியே நடத்திப் பார்க்கலாம் என்று திட்டமிட்டேன். விவிலியத்தில் லூக்கா 15ஆம் அதிகாரத்தில் வரும் காணாமற்போன ஆட்டை எடுத்துக்கொண்டேன். நூறு ஆடுகளில் ஒன்று தொலைகிறது, மேய்ப்பர் தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போகிறார். கணக்குக்கு 99, 100. மொழிக்குக் கதையைத் திரும்பச் சொல்வது. அறிவியலுக்குக் கம்பளி, இறகு, செதில் என்று விலங்குகளின் உடலை மூடியிருப்பவை. தாளில் எல்லாம் அழகாக உட்கார்ந்தது.

செய்தும் முடித்தோம். பஞ்சு, பசை, கறுப்பு அட்டை. 32 பேர் ஆளுக்கு மூன்று ஆடுகள், மெதுவாகச் செய்யும் இருவர் ஆளுக்கு இரண்டு. சரியாக நூறு. மூன்று நாள் பிடித்தது. சுவர் முழுக்க ஆடுகள். தலைமையாசிரியர் வந்து பார்த்துப் பாராட்டினார், பெற்றோர் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த திங்கள்கிழமை கரும்பலகையில் 99 என்று எழுதி, "இன்னும் ஒன்று வந்தால்?" என்று கேட்டேன். ஏழெட்டுப் பேர் "நூறு" என்று ராகம் போட்டுச் சொன்னார்கள். "நூறில் எத்தனை பத்து?" என்றேன். மூச்சுப் பேச்சில்லை. ஒரு பையன் மட்டும் கையைத் தூக்கினான். "டீச்சர், என் ஆட்டுக்கு ஒரு கண்தான் இருக்கிறது" என்றான்.

எங்கே கோட்டை விட்டேன் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

சிலேட்டுப்பலகை

31 ஆண்டுகள் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளிலேயே கழித்து ஓய்வு பெற்றவள் நான். நேராகச் சொல்கிறேன், மனம் நோக வேண்டாம்.

உங்கள் பிள்ளைகளின் கை மூன்று நாளும் என்ன செய்தது? பஞ்சைப் பிய்த்தது, பசை தடவியது. ஆகவே பஞ்சும் பசையும் அவர்களுக்கு நன்றாகப் பாடமாகிவிட்டன. நூறு ஆடுகளையும் எண்ணியது யார்? நீங்கள். ஆளுக்கு மூன்று, இருவருக்கு இரண்டு என்று பிரித்துப் பார்த்தது யார்? அதுவும் நீங்கள். கணக்குப் பாடம் நடந்துதான் இருக்கிறது, உங்களுக்கு.

பஞ்சை எடுத்து வைத்துவிட்டு நூறு குச்சிகளும் கொஞ்சம் ரப்பர் பேண்டும் எடுங்கள். ஒரு மேசைக்கு ஐந்தாறு பேர் போதும். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கட்டும், நாளைக்கு அவர்கள் முறை. 99 குச்சிகளைக் கொடுத்து, பத்துப் பத்தாகக் கட்டச் சொல்லுங்கள். ஒன்பது கட்டு வரும், ஒன்பது குச்சி தனியே கிடக்கும். அந்த ஒன்பதைக் கட்ட முடியாது. கட்டக் கூடாது என்பது விதி, பத்து ஆனால்தான் கட்டு. பிள்ளைகள் கை பரபரக்கும், "டீச்சர் ஒன்றுதான் குறைகிறது" என்பார்கள். அப்போது விவிலியத்தைத் திறந்து கதையைச் சொல்லுங்கள். சொல்லி முடித்து, உங்கள் பையிலிருந்து அந்த ஒற்றைக் குச்சியை எடுத்துக் கொடுங்கள்.

அந்த ஒன்று வந்தவுடன் தனியே கிடந்த ஒன்பதும் கட்டாகிவிடும். அந்தக் கட்டு வந்தவுடன் பத்துக் கட்டையும் சேர்த்து ஒரு கயிற்றால் கட்டலாம். ஒரு குச்சி வந்ததற்கு மேசையில் இருந்த அத்தனையும் இடம் மாறும். 99க்குப் பிறகு ஏன் இரண்டு இலக்கம் போதாமல் மூன்றாவது இலக்கம் வருகிறது என்பதும் அதுதான், அந்த ஒரு ஆட்டுக்காக மேய்ப்பர் ஏன் அவ்வளவு தூரம் போனார் என்பதும் அதுதான். இரண்டையும் நீங்கள் வாய்விட்டு விளக்கவே வேண்டியதில்லை.

ஒற்றைக் கண் ஆட்டைச் சுவரிலேயே விட்டுவையுங்கள். அவனுக்கு அது வேண்டும்.

இரட்டையரின் அம்மா

ஆசிரியர்களுக்குள் ஒரு பெற்றோர் நுழைவதற்கு மன்னிக்கவும். என் பிள்ளைகள் இருவரும் ஒன்றாம் வகுப்பில், வேறு வேறு பிரிவில் படிக்கிறார்கள். போன மாதம் இயேசுவின் பன்னிரண்டு திருத்தூதர்களைக் காகிதக் குழாயில் செய்துவரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இரண்டு பிள்ளைகள் என்பதால் எங்கள் வீட்டில் இருபத்துநான்கு திருத்தூதர்கள். இரவு பதினொன்றரை மணிக்கு நான் தாடி ஒட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் இருவரும் எப்போதோ தூங்கிவிட்டார்கள். காலையில் மகளிடம் "இவர் யார்?" என்று ஒருவரைக் காட்டிக் கேட்டேன். "அம்மா செய்தது" என்றாள்.

எனக்கு இப்போது பன்னிரண்டு பேரின் பெயரும் தலைகீழாகத் தெரியும். செய்து கற்பது வேலை செய்கிறது என்பதற்கு நானே சாட்சி.

கணக்குப்பிள்ளை

சிலேட்டுப்பலகை அம்மா சொன்னதற்குப் பின்னால் ஆராய்ச்சியும் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஜூடி டெலோச் என்ற உளவியலாளர் 1987இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஓர் அறையின் சிறிய மாதிரியைச் செய்து, அதில் ஒரு குட்டிப் பொம்மையைக் குழந்தையின் கண் முன்னே ஒளித்துவைப்பார்கள். பெரிய அறையில் அதே இடத்தில் பெரிய பொம்மை இருக்கும். மூன்று வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நேரே போய் எடுத்துவிட்டார்கள். இரண்டரை வயதுப் பிள்ளைகளால் முடியவில்லை. சுவையான பகுதி அதற்குப் பிறகு வருகிறது. மாதிரி அறையைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துத் தொடவிடாமல் காட்டியபோது இரண்டரை வயதுப் பிள்ளைகளுக்குக் கூடுதலாகப் பிடிபட்டது. மூன்று வயதுப் பிள்ளைகளை முதலில் அந்த மாதிரியோடு சிறிது நேரம் விளையாடவிட்டபோது, அவர்களுக்கே தடுமாற்றம் வந்தது. ஒரு பொருளைப் பொம்மையாகப் பார்க்கத் தொடங்கிவிட்டால், அது வேறொன்றைக் குறிக்கிறது என்று பார்ப்பது கடினமாகிவிடுகிறது.

ஆறு வயது வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கண், காது, பஞ்சு முடி எல்லாம் உள்ள ஆடு ஒரு பிள்ளைக்கு 'ஒன்று' என்ற எண் ஆகாது. அது அவனுடைய ஆடு. அவனுடைய ஆட்டைப் பத்தில் ஒன்றாகக் கட்டச் சொன்னால் அவன் அழுவான். எந்த அழகும் இல்லாத குச்சிதான் எண்ணாக மாறும்.

உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1966இல் சொன்ன மூன்று படிகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: கையால் செய்வது, படமாகப் பார்ப்பது, குறியாக எழுதுவது. நீங்கள் பஞ்சு ஆட்டிலிருந்து நேராகக் கரும்பலகையில் உள்ள 99க்குத் தாவிவிட்டீர்கள். குச்சி கட்டி முடிந்த கையோடு, கட்டுக்கு ஒரு நீளக்கோடும் தனிக் குச்சிக்கு ஒரு புள்ளியும் போட்டு வரையவிடுங்கள். எண் அதற்கு அடுத்த நாள்தான்.

இன்னொன்று. யோவான் 21ஆம் அதிகாரத்தில் வலையில் விழுந்த மீன்கள் 153. ஒரு நூறு, ஐந்து பத்து, மூன்று ஒன்று. ஆண்டின் கடைசி மாதத்துக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 1 முதல் 17 வரை கூட்டினால் 153 வரும், புனித அகுஸ்தினார் அதைக் கவனித்து எழுதியிருக்கிறார். இது ஒன்றாம் வகுப்புக்கு அல்ல, நமக்கு.

பஞ்சுமேகம்

எல்லாருக்கும் நன்றி. சிலேட்டுப்பலகை அம்மா, கொஞ்சம் வலித்தது. ஆனால் உண்மை.

பத்துப் பத்தாக என்றதும் ஒன்று தோன்றியது. அக்டோபர் செபமாலை மாதம். பிள்ளைகள் எல்லாரிடமும் செபமாலை இருக்கிறது. பத்து மணிகள் ஐந்து முறை, அப்படியே கணக்குக்குப் பயன்படுத்தினால் என்ன? மறைக்கல்வியும் கணக்கும் ஒரே பொருளில் வந்துவிடுமே.

மரபுவழி

இதற்குத்தான் பயந்தேன். செபமாலை மந்திரித்த பொருள். அதை எண்சட்டம் ஆக்கப் போகிறீர்களா? முன்பெல்லாம் வினா விடையை மனப்பாடம் செய்தோம், செபங்களைச் சொன்னோம், விசுவாசம் வளர்ந்தது. இப்போது பஞ்சு, அட்டை, பசை என்று மறைக்கல்வி முழுக்கக் கைவேலை வகுப்பாகிவிட்டது. புத்தகத்தைத் திறந்து பாடம் நடத்துங்கள்.

எளிய பணியாள்

நான் ஒரு துறவறச் சகோதரி. சிறு பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கொடுப்பதே பணி. மரபுவழி அவர்கள் சொன்னதில் பாதியை ஏற்கிறேன், பாதியை மறுக்கிறேன்.

செபமாலையைக் கணக்குக்கு எடுக்க வேண்டாம், பஞ்சுமேகம். ஆசீர்வதிக்கப்பட்ட பொருள்களை மரியாதையோடு கையாள வேண்டும், அவற்றுக்கு ஒவ்வாத பயன்பாட்டில் ஈடுபடுத்தக் கூடாது என்று திருச்சபைச் சட்டத்தின் 1171ஆம் விதி சொல்கிறது. அதை விடுங்கள், கணக்காகவே பாருங்கள். ஐந்து பத்துமணி செபமாலையில் மொத்தம் 59 மணிகள். 'அருள் நிறைந்த மரியே' செபத்துக்கு 53, 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' செபத்துக்கு 6. பத்துக்கும் பத்துக்கும் நடுவே ஒரு தனி மணி உட்கார்ந்திருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை விரலை நகர்த்திக்கொண்டே போகும்போது அதையும் சேர்த்துத்தான் எண்ணும். பதினொன்று வரும். நீங்கள் "அதை எண்ணாதே" என்பீர்கள். "ஏன், அது செபம் இல்லையா?" என்று கேட்பான். கணக்கும் போயிற்று, செபமும் போயிற்று.

மாறாக, மறைக்கல்வி நேரத்தில் பத்து மணிகளும் ஒரு பெரிய மணியும் உள்ள ஒற்றைப் பத்துமணியை ஒவ்வொரு பிள்ளையும் தானே கோக்கட்டும். கோத்து முடித்ததும் அதை வைத்து ஒருமுறை செபிக்கட்டும். கணக்குக்கு வேறு மணிகள், வேறு நூல், வேறு நிறம். கல்வியாளர் மரியா மாண்டிசோரி அமைத்த தங்க மணிகளைப் பார்த்திருப்பீர்கள். தனி மணி ஒன்று, கம்பியில் கோத்த பத்து, பத்துக் கம்பிகள் சேர்ந்த நூறு என்ற சதுரம், பத்துச் சதுரங்கள் சேர்ந்த ஆயிரம் என்ற கனசதுரம். பிள்ளை ஆயிரத்தைத் தூக்கிப் பார்த்தால் கனக்கும். ஒன்று, ஆயிரம் என்ற சொற்கள் தாளில் ஏறக்குறைய ஒரே அகலம்தான், கையில் அப்படியில்லை.

இப்போது மரபுவழி அவர்களுக்கு. கையால் தொடுவது விசுவாசத்துக்குப் புதிதா? நம் அருளடையாளங்களில் (திருமுழுக்கு, நற்கருணை போன்ற சடங்குகளில்) தண்ணீர் இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, அப்பமும் இரசமும் இருக்கின்றன, தலைமேல் வைக்கும் கை இருக்கிறது. புனித பிரான்சிஸ் 1223இல் கிரேச்சியோவில் குடில் அமைத்தபோது வைக்கோலையும் மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார், மக்கள் கண்ணால் காணட்டும் என்று. புலன் வழியே வராதது எதுவும் அறிவில் இல்லை என்ற கோட்பாட்டைப் புனித தாமஸ் அக்குவினாஸ் எடுத்தாள்கிறார். இதெல்லாம் மரபுதான் ஐயா, நம்முடைய மரபு.

மாண்டிசோரி தம் முதல் குழந்தைகள் இல்லத்தை ரோமையில் 1907 ஜனவரி 6 அன்று, ஆண்டவரின் திருக்காட்சிப் பெருவிழா நாளில் திறந்தார். அதே நகரில் 1954இல் சோபியா கவலெட்டியும் ஜியான்னா கோபியும் அந்த வழியிலேயே சிறு பிள்ளைகளுக்கான மறைக்கல்வியைத் தொடங்கினார்கள். 'நல்லாயன் மறைக்கல்வி' என்று சொல்வோம். அதில் ஒரு வேலையை மட்டும் சொல்கிறேன்.

சின்ன மேசை. பிள்ளையின் கைக்கு ஏற்ற ஒரு கிண்ணம், இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகள். ஒன்றில் திராட்சை இரசம், ஒன்றில் தண்ணீர். முதலில் இரசத்தைக் கிண்ணத்தில் ஊற்ற வேண்டும். பிறகு தண்ணீர், சில துளிகள் மட்டும். ஆறு வயதுக் கைக்கு 'சில துளிகள்' என்பது மிகக் கடினம். நாக்கைத் துருத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்றுவார்கள். திருப்பலியில் குரு செய்வதைத்தான் செய்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் பூசை விளையாட்டு இல்லை, குருவின் சொற்களைச் சொல்வதில்லை, அந்த ஒரு செயல் மட்டும். முடிந்ததும் நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "அந்தத் தண்ணீரை இனி வெளியே எடுக்க முடியுமா?" ஒரு சிறுமி கிண்ணத்துக்குள் நெடுநேரம் பார்த்தாள். "முடியாது சிஸ்டர், அது அதற்குள் போய்விட்டது" என்றாள். நாங்கள் கிறிஸ்துவோடு ஒன்றாவதைப் பற்றி இறையியல் படித்தபோது இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மனப்பாடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செபங்கள் மனப்பாடமாகத்தான் இருக்க வேண்டும். திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1910இல் ஏழு வயதையொட்டிப் பிள்ளைகளை நற்கருணைக்கு அனுமதிக்கச் சொன்னார். அப்போது அவர் அவர்களிடம் எதிர்பார்த்தது பெரிய விளக்கம் அல்ல, விசுவாசத்தின் அடிப்படை உண்மைகளைத் தம் வயதுக்கு ஏற்ப அறிந்து, நற்கருணை அப்பத்துக்கும் சாதாரண அப்பத்துக்கும் வேறுபாடு தெரிந்தால் போதும் என்றார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் அடுத்த ஆண்டே புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்குவார்கள். வேறுபாட்டைக் கையும் கண்ணும் அறியட்டும்.

மரபுவழி

கிண்ணத்தில் ஊற்றுவதைப் பற்றி எனக்குத் தெரியாது. அது பசை வேலை இல்லை என்பது புரிகிறது. செபமாலை விஷயத்தில் என்னோடு நின்றதற்கு நன்றி சிஸ்டர்.

வாசற்படி

நான் கத்தோலிக்கர் இல்லை. கத்தோலிக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன், ஒன்பதாம் ஆண்டு. கொஞ்ச காலமாக மனத்தில் இருக்கும் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். எல்லாப் பாடத்திலும் மறைக்கல்வியைக் கொண்டுபோய் ஒட்டத்தான் வேண்டுமா? எங்கள் பள்ளியில் கூட்டல் பயிற்சித் தாளில் ஆப்பிளுக்குப் பதில் சிலுவைப் படம் போட்டால் அது கத்தோலிக்கக் கணக்கு ஆகிவிடுகிறது. மூன்று சிலுவையும் நான்கு சிலுவையும் ஏழு சிலுவை. இதை எழுதுகிற கத்தோலிக்க ஆசிரியர்களுக்கு நெருடுவதில்லையா? எனக்கு நெருடுகிறது.

எளிய பணியாள்

எனக்கும் நெருடுகிறது. கணக்கைக் கணக்காக ஒழுங்காகச் சொல்லிக்கொடுங்கள், அதுவே போதுமான புண்ணியம். கதைக்குள்ளேயே கணக்கு இருந்தால் எடுங்கள். இல்லாத இடத்தில் ஆணியடிக்காதீர்கள்.

சிலேட்டுப்பலகை

சிஸ்டர் சொன்னதற்கு ஓர் உதாரணம். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய நோன்புக் காலமான தவக்காலம் நாற்பது நாள் என்கிறோம். திருநீற்றுப் புதனிலிருந்து பெரிய சனி வரை எண்ணிப் பாருங்கள், 46 வரும். ஒரு நீளத் தாளில் 46 கட்டங்கள் போட்டுச் சுவரில் ஒட்டுவேன். பிள்ளைகள் நாளுக்கு ஒன்றாக ஊதா அடிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தை மட்டும் வெள்ளையாக விடுவோம். முடிவில் வெள்ளைக் கட்டங்கள் ஆறு, ஊதா நாற்பது. "டீச்சர் ஞாயிற்றுக்கிழமையை ஏன் சேர்க்கவில்லை?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். ஞாயிறு என்றால் உயிர்ப்பு நாள், நோன்பு நாள் இல்லை என்று அப்போது சொன்னால் ஏறும். கழித்தல், கிழமைகள், நிறம், மறைக்கல்வி, எல்லாம் அந்த ஒரு தாளில் வந்துவிடும். யாரும் எதையும் ஒட்டவைக்கவில்லை, அது அங்கேயே இருந்தது.

சிலுவை அடையாளம் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் புதிய ஆசிரியர்கள் எல்லாரும் தவறும் இடம் அது. வகுப்பைப் பார்த்து நின்றுகொண்டு வலக்கையால் போட்டுக் காட்டுவீர்கள். பிள்ளைகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடக்கையால் போடுவார்கள். அவர்களுக்கு முதுகைக் காட்டி, அவர்கள் பார்க்கும் திசையையே பார்த்து நின்று செய்யுங்கள். ஒரு வாரத்தில் வலமும் இடமும் சேர்ந்து வந்துவிடும்.

நிதானம்

சிறப்புக் கல்வி ஆசிரியர் நான். பசையைப் பற்றி இவ்வளவு பேசினீர்கள், பசையைத் தொட முடியாத பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவராவது இருப்பார். விரலில் பிசுபிசுப்புப் பட்டாலே உடம்பு கூசும், அழுவார், எழுந்து ஓடுவார். அவரை "ஒத்துழைக்காத பிள்ளை" என்று எழுதிவிடுகிறார்கள். பஞ்சுமேகம், உங்கள் வகுப்பில் இரண்டு ஆடு செய்த அந்த இருவர் மெதுவானவர்கள்தானா என்று ஒருமுறை கவனியுங்கள். குச்சி, மணி, கல், மரக்கட்டை போன்ற உலர்ந்த பொருள்கள் என்றால் அவர்கள் பெரும்பாலும் முன்னால் வந்து நிற்பார்கள்.

கத்தரிக்கோலும் அப்படித்தான். வெட்டுவது பாடமாக இல்லாத நாளில் வெட்டிக் கொடுத்துவிடுங்கள், குற்றமில்லை.

பஞ்சுமேகம்

நிதானம், இதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இருவரில் ஒருத்தி ஒவ்வொரு பஞ்சுக்கும் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தாள். நான் இரண்டு முறை அதட்டினேன்.

விதைநெல்

அறிவியல் பக்கம் யாரும் வரவில்லையே. கம்பளி, இறகு, செதில் என்பதெல்லாம் பெயர் சொல்லும் பாடம். அதில் கண்டுபிடிப்பதற்கு ஒன்றும் இல்லை.

விவிலியத்தில் வரும் கடுகு விதை உவமையை எடுங்கள். ஈரப் பஞ்சில் கடுகைப் போட்டால் சில நாளில் முளைக்கும், ஆறு வயதுப் பொறுமைக்கு ஏற்ற வேகம். (பஞ்சு மிச்சம் இருக்கும் அல்லவா?) முதலில் வெளியே வருவது வேர், அது கீழே போகும். பிள்ளைகளில் பாதிப் பேர் இலைதான் முதலில் வரும் என்று பந்தயம் கட்டுவார்கள். பந்தயம் கட்டவிடுங்கள், அதுதான் அறிவியல். தண்டு எழுந்ததும் தினமும் அதன் உயரத்துக்கு ஒரு காகிதப் பட்டையை வெட்டி, வரிசையாக ஒட்டுங்கள். அளவுகோல் தேவையில்லை. பத்தாம் நாள் சுவரில் படிக்கட்டுபோல் ஒரு வரைபடம் நிற்கும்.

சில விதைகளை மண்ணிலும் போடுங்கள். என் வகுப்பில் ஒரு பையன் தினமும் மண்ணைத் தோண்டி விதை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினான். அவனுடையது மட்டும் முளைக்கவில்லை. நான் திட்டவில்லை. மாற்கு 4ஆம் அதிகாரத்தில் கடுகு விதைக்குச் சற்று முன்னால் இன்னொரு உவமை இருக்கிறது. ஒருவர் விதைத்துவிட்டுத் தூங்குகிறார், எழுகிறார். விதை எப்படி முளைக்கிறது என்று அவருக்கே தெரியாது. அதை வாசித்தேன். பையன் யோசித்துவிட்டு, "நான் தூங்கவில்லை டீச்சர், அதனால்தான்" என்றான். அடுத்த விதையை அவன் தோண்டவில்லை. முளைத்தது.

இன்னொன்று, கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு வாரங்களுக்கான திருவருகைக் கால வளையம். நான்கு மெழுகுவர்த்திகள், மூன்று ஊதா, ஒன்று இளஞ்சிவப்பு. ஏற்றுவது பெரியவர்கள் மட்டும். முதல் வாரம் ஒன்று, இரண்டாம் வாரம் இரண்டு என்று தினமும் காலைச் செபத்தின்போது சில நிமிடங்கள் எரியவிடுவோம். வெள்ளிக்கிழமைதோறும் கட்டைகளை அடுக்கி நான்கின் உயரத்தையும் அளப்போம். மூன்று வாரத்தில் அவை தாமாகவே படிக்கட்டாகிவிடும். முதலாவது குட்டை, இரண்டாவது அதைவிட உயரம், இளஞ்சிவப்பு இன்னும் உயரம். பல ஆண்டுகளில் நான்காம் வாரத்துக்குள் விடுமுறை வந்துவிடும். நான்காவது தொடப்படாமல் முழு உயரத்தில் நிற்கும். "இது எத்தனை வாரம் எரிந்தது?" என்று கேட்டால் சுழியம் என்ற எண்ணுக்கு ஓர் உருவம் கிடைத்துவிடும்.

கணக்குப்பிள்ளை

மெழுகுவர்த்தியை நான் திருடிக்கொள்கிறேன்.

பதிலுக்கு ஒன்று தருகிறேன். நோவாவின் பேழை, தொடக்கநூல் 6ஆம் அதிகாரம்: நீளம் 300 முழம், அகலம் 50, உயரம் 30. பேழையை அட்டையில் செய்து விலங்குப் படம் ஒட்டுவதுதான் எல்லாரும் செய்வது. அதற்குப் பதில் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒவ்வொரு பிள்ளையின் முழத்துக்கும் ஒரு நூல் வெட்டிக் கொடுங்கள். தாழ்வாரத்தில் 30 முழம் அளக்கச் சொல்லுங்கள், இருவர் இருவராக. ஒவ்வொரு சோடியும் ஒவ்வோர் இடத்தில் போய் நிற்கும். நீங்கள் உங்கள் முழத்தால் அளந்தால் எல்லாரையும் தாண்டிப் போவீர்கள். "யார் சொல்வது சரி?" என்று பெரிய சண்டை நடக்கும். "எல்லாரும் ஒரே நூலை வைத்துக்கொள்வோம்" என்று அவர்களே முடிவுக்கு வரும்வரை வாயைத் திறக்காதீர்கள். எங்கள் வகுப்பில் இருபது நிமிடம் ஆயிற்று. பக்கத்து வகுப்பு ஆசிரியர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார்.

இரட்டையரின் அம்மா

இதில் வீட்டுக்கு எதுவும் கொடுத்தனுப்ப வேண்டியதில்லையே? அப்படியென்றால் முழு ஆதரவு.

நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. பயிற்சித் தாள் விற்பனைக்கு இணைப்பு கொடுத்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். தொடருங்கள்.

வாசற்படி

மொழிப் பாடத்துக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். கதையைத் திரும்பச் சொல் என்றால் பிள்ளைகள் "அப்புறம், அப்புறம்" என்று இழுப்பார்கள். வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய நல்ல சமாரியர் கதைக்குத் தரையில் ஒரு நீளத் துணியை விரித்துப் பாதையாக்குவேன். மரத்துண்டுகளே ஆட்கள், முகம் கிடையாது. ஒரு பிள்ளை நகர்த்த வேண்டும், ஒரு பிள்ளை சொல்ல வேண்டும். நகர்த்துபவர் சொல்பவரை முந்தக் கூடாது. இந்த ஒரு விதியால் வாக்கியம் தானாக நிதானமாகிவிடும், "அப்போது", "ஆனால்", "அதனால்" எல்லாம் வந்து உட்காரும். எழுத்து வராத பிள்ளைகளுக்கு மணல்தட்டு, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகள். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

முகம் வைக்காததற்கு ஒரு காரணம் உண்டு. அடிபட்டுக் கிடப்பவருக்கு முகம் வரைந்தால், பிள்ளைகள் அந்த முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

பஞ்சுமேகம்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

குச்சி வேலையை ஒரு மேசையில் ஆறு பேராக வைத்துச் செய்தேன். எல்லாரும் முடிக்க ஆறு நாள் ஆனது. ஆடு செய்ததைவிட இரண்டு மடங்கு நாள், ஆனால் நாளுக்கு இருபது நிமிடம்தான். முதல் குழுவில் சொதப்பினேன். ஒற்றைக் குச்சியைக் கதை முடியும் முன்பே கொடுத்துவிட்டேன், கட்டும் அவசரத்தில் யாரும் கதையைக் கேட்கவில்லை. இரண்டாம் குழுவிலிருந்து குச்சியைச் சட்டைப்பையில் மறைத்துவைத்தேன்.

கை கழுவும் அந்தப் பிள்ளை நான்காம் குழு. கட்டுவதில் எல்லாரையும்விட வேகம். தன் கட்டுகளை முடித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவனுடையதைச் சரிபார்க்கவும் செய்தாள். "நூறில் எத்தனை பத்து?" என்று கேட்டால் இப்போது கயிற்றை அவிழ்த்துக் காட்டுகிறார்கள். அவிழ்க்காமல் சொல்பவர்கள் இருபது பேருக்கு மேல்.

ஐந்தாம் குழுவில், கதை முடிந்ததும் ஒற்றைக் கண் ஆட்டுக்காரன் ஒன்று கேட்டான். "டீச்சர், நூறு ஆட்டில் ஒன்று காணோம் என்று மேய்ப்பருக்கு எப்படித் தெரிந்தது? ராத்திரி எல்லாவற்றையும் எண்ணினாரா?" எனக்குப் பதில் வரவில்லை. நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே, கையில் ஒன்பது குச்சிகளை வைத்து ரப்பர் பேண்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்த எதிர்ப் பக்கத்துப் பெண் தலை நிமிராமல் சொன்னாள்: "எண்ண வேண்டாம். கட்டு தொளதொள என்று இருக்கும்."

சிலேட்டுப்பலகை

அந்த ரப்பர் பேண்டை மாற்றிவிடாதீர்கள். பெரியதாக இருந்தால் ஒன்பதையும் பத்தையும் ஒரே மாதிரிதான் பிடிக்கும்.